ஏர்கோன் சர்வீஸ் தொழிலுக்கு மாதம் 1,800 ரிங்கிட் விளம்பரம் தேவையா?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். பினாங்கில், ஜெலுத்தோங்கில் இருந்துகொண்டு நான்கு வருடமாக ஏர்கோன் (ஏசி) சர்வீஸ் செய்கிறீர்கள். ஒரு வேன், கூட ஓர் ஆள். போன் எடுப்பதும் கணக்கு எழுதுவதும் உங்கள் மனைவி. பிப்ரவரி, மார்ச் வெயிலில் சாப்பிட நேரமில்லை. வருடக் கடைசி மழையில் போன் அடிப்பதே இல்லை. இந்த நேரத்தில் ஒரு விளம்பரக் கம்பெனி வந்து புது லோகோ, வெப்சைட், ஃபேஸ்புக், டிக்டாக், 5,000 நோட்டீஸ் எல்லாம் சேர்த்து மாதம் 1,800 ரிங்கிட், ஒரு வருட ஒப்பந்தம் என்கிறது. கையெழுத்துப் போடலாமா என்று கேட்கிறீர்கள்.

போடாதீர்கள். இந்த வருடம் வேண்டவே வேண்டாம்.

கணக்கை முதலில் பாருங்கள். வருடத்துக்கு 21,600 ரிங்கிட். சுவரில் மாட்டும் ஒரு யூனிட்டுக்கு 100 ரிங்கிட் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், மாதம் 18 யூனிட் அந்தக் கம்பெனிக்காக மட்டுமே கழுவ வேண்டும். ஆள் சம்பளம், பெட்ரோல், கெமிக்கல் எதையும் நான் சேர்க்கவில்லை. சரி, வேலை கூடினால் கொடுக்கலாமே என்பீர்கள். எனக்குப் பணத்தைவிட வேறொன்று கவலையாக இருக்கிறது.

வேனின் படத்தை அனுப்பியிருந்தீர்கள். பெரிதாக்கிப் பார்த்தேன். பெயரில் 'குளோபல்', 'இன்ஜினியரிங்', 'எண்டர்பிரைஸ்' மூன்றும் இருக்கின்றன. அதன் கீழே ஏர்கோன், வாட்டர் ஹீட்டர், சிசிடிவி, ஆட்டோ கேட், வயரிங், பெயிண்டிங் என்று ஒன்பது வேலை. இரண்டு போன் நம்பர். ஒரு பக்கம் நீலம், கதவில் சிவப்பு, பின்னால் ஒரு பென்குயின். நீங்கள் போட்டிருக்கும் சட்டை சாம்பல் நிறம். வாட்ஸ்அப்பில் உங்கள் பிள்ளையின் பிறந்தநாள் படம். நான்கு வருடத்தில் எத்தனை நூறு வீட்டுக்குள் போய் வந்திருப்பீர்கள்! அந்த வீட்டுக்காரர்கள் நாளை உங்கள் வேனை ரோட்டில் பார்த்தால், இது நம் வீட்டுக்கு வந்த தம்பியுடையது என்று அடையாளம் தெரியுமா? எனக்குச் சந்தேகம்தான். அடையாளமே நிற்காத இடத்தில் மாதம் 1,800 ரிங்கிட்டைக் கொட்டினால், பார்க்கிறவர் எண்ணிக்கை கூடும், நினைவில் வைத்திருப்பவர் எண்ணிக்கை கூடாது.

ஜார்ஜ்டவுனில் 26 வருடம் பிரிண்டிங்கும் சைன்போர்டும் செய்த கடை எனக்கு. ஆயிரக்கணக்கான சின்னத் தொழில்காரர்களுக்கு நேம் கார்டு அடித்திருக்கிறேன், வேனுக்கு எழுத்து ஒட்டியிருக்கிறேன். யார் நிலைத்தார்கள், யார் இரண்டு வருடத்தில் காணாமல் போனார்கள் என்பதையும் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

நம் தாமான்களில், அதாவது குடியிருப்புப் பகுதிகளில், மோட்டார் சைக்கிளில் ரொட்டி விற்றுக்கொண்டு வருவாரே, அவரை நினைத்துப் பாருங்கள். போர்டு கிடையாது, பெயரும் யாருக்கும் தெரியாது. அந்த ஹார்ன் சத்தம் மூலையில் கேட்டதும் பிள்ளைகள் காசை எடுத்துக்கொண்டு ஓடும். பழைய பேப்பர் வாங்கும் லோரியும் அப்படித்தான். 'பேப்பர் லாமா, சூராட் காபார் லாமா' என்று ஒலிபெருக்கியில் ஒரே குரல், ஒரே இழுப்பு. சமையலறையில் இருக்கிற அக்காவுக்கு எட்டிப் பார்க்காமலே தெரியும், கட்டி வைத்த பேப்பரை வெளியே வைக்க வேண்டும் என்று. அந்த ரொட்டிக்காரர் தன் ஹார்னை வாரத்துக்கு ஒன்றாக மாற்றிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? நம்மவர்கள் நிறையப் பேர் தங்கள் தொழிலில் அதைத்தான் செய்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு லோகோ, வருடத்துக்கு ஒரு நிறம்.

உங்கள் தொழிலில் அந்த ஹார்ன் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு முன்னால், வாடிக்கையாளர் உங்களை எந்த நேரத்தில் தேடுகிறார் என்று யோசியுங்கள். ஃபேஸ்புக்கில் விரலைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது யாருக்கும் ஏர்கோன் ஞாபகம் வராது. ராத்திரி பத்து மணி. பிள்ளையைப் படுக்க வைத்தாயிற்று. மெத்தையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். கணவர் கட்டிலை இழுத்துப் போடுகிறார், மனைவி கீழே வாளியை வைக்கிறார். 'போன தடவை வந்தாரே ஒரு தம்பி, நல்லா செஞ்சாரே, நம்பர் எங்க?' இந்தக் கேள்விக்கு அந்த அறைக்குள்ளேயே பதில் இருந்தால் வேலை உங்களுக்கு. இல்லையென்றால் அவர் பக்கத்து வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் கேட்பார், வேறு யாராவது வருவார்.

அதனால் நான் முக்கியமாகக் காசு போடச் சொல்வது ஸ்டிக்கருக்கு. சர்வீஸ் முடிந்ததும் யூனிட்டில் ஒட்டும் ஸ்டிக்கர். எல்லோரும் ஒட்டுகிறார்கள்தான், ஆனால் பெரும்பாலும் பேப்பர் ஸ்டிக்கரை ஒட்டுகிறார்கள். ஏர்கோன் இருக்கும் இடத்தில் ஈரம் எப்போதும் உண்டு. ஆறு மாதத்தில் ஓரம் சுருண்டு, எழுத்து கலங்கிவிடும். பிவிசி (பிளாஸ்டிக்) ஸ்டிக்கராக அடியுங்கள். அளவு ஒரு நேம் கார்டு போதும். மேலே 'ஏர்கோன்' என்ற சொல், நடுவில் நம்பர் பெரிதாக, கீழே இரண்டு கோடு: சர்வீஸ் செய்த தேதி, அடுத்த சர்வீஸ் மாதம். தேதியை பெர்மனன்ட் மார்க்கரால் வாடிக்கையாளர் பார்க்கும்படி கையால் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா பிவிசியில் நிற்காது, விரல் பட்டாலே அழிந்துவிடும்.

எங்கே ஒட்டுவது என்பது அதைவிட முக்கியம். நிறையப் பேர் யூனிட்டின் மேல் பக்கமோ முன் மூடியிலோ ஒட்டுகிறார்கள். மேலே ஒட்டினால் யார் கண்ணிலும் படாது. முன்னால் ஒட்டினால் வீட்டுக்காரருக்குப் பிடிக்காது. கொண்டோவில் அழகாக உள் அலங்காரம் செய்தவர் நீங்கள் போனதும் உரித்துவிடுவார். வலது பக்கத்தின் அடிப்பகுதியில், கட்டிலில் படுத்துக்கொண்டு பார்த்தால் தெரிகிற மாதிரி ஒட்டுங்கள். ஒட்டும் முன் அந்த இடத்தை உலர்ந்த துணியால் துடையுங்கள், 'இங்க ஒட்டலாமா அக்கா?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இரண்டாவதாக, ரிமோட்டின் பின்பக்கத்துக்கு நகம் அளவில் ஒரு குட்டி ஸ்டிக்கர், நம்பர் மட்டும். குளிரவில்லை என்றதும் மனிதன் கையில் எடுப்பது ரிமோட்டைத்தானே! மூன்றாவது, மெயின் சுவிட்ச் பெட்டியின் கதவுக்கு உள்பக்கம். ஏர்கோன் போட்டதும் டிரிப் ஆனால் டார்ச்சை எடுத்துக்கொண்டு அவர் போய்த் திறக்கும் இடம் அதுதான்.

ஒரு வீட்டில் இந்த மூன்றும் இருந்தால், அந்தக் குடும்பம் உங்கள் பெயரை மறந்தாலும் உங்களைத் தொலைக்க முடியாது. ஆயிரம் வீட்டுக்கான ஸ்டிக்கர் அடிக்க ஆகும் செலவு, அந்தக் கம்பெனி கேட்கிற ஒரு மாதப் பணத்துக்குள் அடங்கும். தைரியமாகச் சொல்கிறேன், அடித்தவன் நான்.

அடுத்தது பெயர். உங்கள் வாடிக்கையாளர் நாலு பேரிடம், போனில் உங்கள் நம்பரை எப்படி சேமித்து வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். 'குளோபல் இன்ஜினியரிங்' என்று ஒருவர்கூட வைத்திருக்க மாட்டார். 'ஏர்கோன் ஜெலுத்தோங்', 'ஏர்கோன் தம்பி', மலாய்க்காரராக இருந்தால் 'அபாங் ஏர்கோன்', அதாவது ஏர்கோன் அண்ணன். தேடும்போது அவர் விரல் முதலில் தட்டுவது 'ஏர்கோன்' என்ற சொல்லைத்தான். அதற்குப் பக்கத்தில் இரண்டு மூன்று அசையில் ஒரு சொல் இருந்தால் போதும். எஸ்எஸ்எம்மில் (தொழில்களைப் பதிவு செய்யும் அரசு ஆணையம்) பதிவு செய்த பெயரை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைப் போடச் சொல்லவில்லை, அது வேறு வம்பு. பதிவான பெயருக்குள்ளேயே சுருக்கமான ஒரு சொல் இருக்கிறது, அதைப் பெரிதாக்குங்கள். முழுப் பெயரும் பதிவு எண்ணும் கீழே சின்ன எழுத்தில் இருக்கட்டும்.

எந்தச் சொல்லைப் பெரிதாக்குவது என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. பினாங்கில் உங்களைக் கூப்பிடப் போவது மலாய் மக்சிக், சீன ஆன்ட்டி, நம்மவர் எல்லோரும்தான். அந்தச் சொல்லைப் போனில் ஒரு தடவை சொல்லுங்கள், எதிரில் இருப்பவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள், பிறகு எழுதச் சொல்லுங்கள். மூன்று இனத்தவரும் தடுமாறாமல் சொன்னால் அதுவே உங்கள் சொல். 'ழ' வருகிற சொல் நமக்கு இனிக்கும். ஆனால் ஆங்கில எழுத்தில் ஒருவர் ஒரு மாதிரி எழுதுவார், இன்னொருவர் வேறு மாதிரி எழுதுவார், தேடினால் கிடைக்காது.

வேனில் ஒன்பது வேலையையும் எழுதியது எனக்குப் புரிகிறது. எந்த வேலையும் கைவிட்டுப் போகக் கூடாது என்ற பயம். ஆனால் பார்க்கிறவர் வேறு மாதிரி நினைப்பார். ஏர்கோனும் பெயிண்டிங்கும் ஒரே ஆள் செய்கிறார் என்றால் இரண்டிலும் அரைகுறையோ என்று தோன்றும். வேனில் ஏர்கோன் மட்டும் இருக்கட்டும். வீட்டுக்குள் போன பிறகு 'வாட்டர் ஹீட்டரும் பார்ப்பீங்களா?' என்று அவர்களே கேட்பார்கள், அப்போது பாருங்கள். வயரிங் விஷயத்தில் இன்னொரு எச்சரிக்கை. வயரிங் வேலைக்குச் சுருஹான்ஜாயா தெனாகாவின், அதாவது எரிசக்தி ஆணையத்தின், சான்றிதழ் வேண்டும். உங்களிடமோ உங்கள் ஆளிடமோ அது இல்லையென்றால், 'வயரிங்' என்ற சொல்லை வேனில் வைத்திருப்பதே ஆபத்து. நாளைக்கு ஒரு வீட்டில் ஏதாவது நடந்தால் உங்கள் வேனே உங்களுக்கு எதிரான சாட்சி.

நம்பர் ஒன்றே ஒன்று. இரண்டு நம்பர் போட்டால் எதற்கு அடிப்பது என்று தயங்குவார்கள். எது வாட்ஸ்அப், எது உங்கள் மனைவியுடையது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அந்த ஒன்றை உயிருள்ளவரை மாற்றாதீர்கள். எனக்கு ஒரு வாடிக்கையாளர் இருந்தார், குழாய் வேலை செய்கிறவர், கைத்திறமையில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. பத்து வருடத்தில் நாலு தடவை நம்பர் மாற்றினார், ஒவ்வொரு தடவையும் வேறு கம்பெனியில் பிளான் மலிவு என்று. ஒவ்வொரு தடவையும் என்னிடம் வந்து புதுக் கார்டு அடித்தார், நானும் அடித்துக் கொடுத்தேன். பழைய கார்டை வைத்திருந்த வீடுகள் எல்லாம் போன் பண்ணிப் பார்த்து, இல்லையென்று வேறு ஆளைக் கூப்பிட்டன. நம் நாட்டில் 2008 முதல் கம்பெனி மாறினாலும் அதே நம்பரை வைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. அதை அவருக்கு அன்றே எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். கார்டு ஆர்டர் வந்தால் போதும் என்று இருந்துவிட்டேன். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. உங்களுக்கு இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

நிறத்துக்கு வருவோம். ஒரு நிறம், அதன் மேல் எழுத்துக்கு ஒரு நிறம், அவ்வளவுதான். தூரத்திலிருந்து படிக்க மஞ்சள் மேல் கறுப்பு மாதிரி வேறில்லை. ரோட்டில் எச்சரிக்கைப் பலகைகள் அந்த நிறத்தில் இருப்பது காரணமில்லாமல் இல்லை. நீலம் குளிர்ச்சியைக் காட்டும் என்று எல்லா ஏர்கோன்காரர்களும் நீலத்தைப் பிடிக்கிறார்கள், அதனாலேயே நீலத்தில் யாரையும் பிரித்துப் பார்க்க முடிவதில்லை. சிவப்பு வேண்டாம். நம் ஊர் வெயிலில் சிவப்பு மை சீக்கிரம் வெளுத்து, ரோஸ் நிறமாகிவிடும். கறுப்பு நின்று பிடிக்கும். மஞ்சளை மையால் அச்சடித்தால் அதுவும் வெளுக்கும், ஆகவே வேனுக்கு நிறமேற்றிய மஞ்சள் வினைல் தாளையே வெட்டி ஒட்டச் சொல்லுங்கள்.

ஒரே மஞ்சள் என்று வாயால் சொன்னால் போதாது. சட்டைக் கடைக்காரர் ஒரு மஞ்சள் கொடுப்பார், ஸ்டிக்கர் அடிப்பவர் வேறு மஞ்சள் கொடுப்பார், ஒன்று எலுமிச்சை, ஒன்று மாம்பழம். வேனுக்கு ஒட்டிய வினைலில் ஒரு துண்டை வெட்டி பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கடைக்குப் போனாலும் அந்தத் துண்டைக் காட்டி, இதே நிறம் என்று கேளுங்கள். சட்டை, ஸ்டிக்கர், பில் புத்தகம், வாட்ஸ்அப் படம் எல்லாம் அதே மஞ்சள். லோகோவுக்குத் தனியாகச் செலவு செய்ய வேண்டியதில்லை. தடித்த எழுத்தில் அந்தச் சொல்லே லோகோ. பென்குயினை விட்டுவிடுங்கள். உங்கள் மனைவி ஆசைப்பட்டு வைத்தது என்று எழுதியிருந்தீர்கள், அவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஸ்டிக்கர் அளவுக்குச் சுருக்கினால் அது ஒரு கறுப்புப் புள்ளியாகத்தான் தெரியும்.

எழுத்து அளவுக்கு சைன்போர்டு தொழிலில் ஒரு கணக்கு வைத்திருப்போம்: ஓர் அங்குல உயரத்துக்கு 10 அடி தூரம். 30 அடியிலிருந்து சிரமமில்லாமல் படிக்க 3 அங்குல எழுத்து வேண்டும். பினாங்குப் பாலத்தில் சாயங்கால ஜாமில் நிற்கிறீர்கள், 13.5 கிலோமீட்டர் பாலம். உங்களுக்குப் பின்னால் இருக்கும் காருக்கு வேறு பார்க்க ஒன்றுமே இல்லை, உங்கள் வேனின் பின்கதவைத் தவிர. அங்கே 'ஏர்கோன்', அந்தச் சொல், நம்பர். வேறெதுவும் வேண்டாம். பக்கவாட்டில் இருப்பதைவிடப் பின்கதவுக்கு அதிகம் யோசியுங்கள். நம்பரை 4 அங்குலத்துக்குக் குறைக்காதீர்கள்.

அப்புறம் வாட்ஸ்அப். சாதாரண வாட்ஸ்அப்பை விட்டு வாட்ஸ்அப் பிசினஸுக்கு மாறுங்கள், இலவசம்தான், 2018இலிருந்து இருக்கிறது. உங்கள் அதே நம்பரிலேயே போடலாம். வேலை நேரம், விலைப்பட்டியல், ஆள் இல்லாத நேரத்தில் தானாகப் போகிற பதில் எல்லாம் வைக்கலாம். வாடிக்கையாளருக்கு லேபிள் ஒட்டும் வசதி இருக்கிறது. உங்கள் மனைவி 'ஜனவரி', 'ஜூலை' என்று அடுத்த சர்வீஸ் மாதத்தை லேபிளாக வைத்தால், அந்த மாதம் வந்ததும் யாருக்கெல்லாம் செய்தி அனுப்ப வேண்டும் என்று விரலால் ஒரு தட்டுத் தட்டியதும் வந்து நிற்கும். வருடக் கடைசி மழை மாதங்களில் போன் அடிக்கவில்லை என்றீர்களே, அதற்கு மருந்து இதுதான். அந்த மாதங்களில் சர்வீஸ் தவணை வருகிற மாதிரி ஏப்ரல், மே வாடிக்கையாளர்களை வரிசைப்படுத்துங்கள்.

ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது: உங்கள் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். ஒரு பட்டியலுக்கு 256 பேர் வரைதான். அதனால் வேலை முடிந்து பில் எழுதும்போது, 'அக்கா, நம்பரை ஏர்கோன்னு சேவ் பண்ணிக்கோங்க' என்று சொல்லி, அவர் செய்து முடிக்கும் வரை நில்லுங்கள். அனுப்புவது ஆறு மாதத்துக்கு ஒரு செய்தி, தீபாவளி, ஹரி ராயா, சீனப் புத்தாண்டுக்கு ஒரு வாழ்த்து. தினமும் காலை வணக்கப் படம் அனுப்பினால் உங்களை மியூட் செய்துவிடுவார்கள். வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் உடனே எடுத்துவிடுங்கள். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், விளம்பரத்துக்குத் தன் விவரத்தைப் பயன்படுத்தாதே என்று சொல்லும் உரிமை வாடிக்கையாளருக்கு இருக்கிறது.

கூகுளில் பிசினஸ் புரொஃபைல் ஒன்று திறந்துகொள்ளுங்கள், அதுவும் இலவசம். வீட்டிலிருந்து தொழில் செய்வதால் வீட்டு முகவரியை மறைத்து, ஜெலுத்தோங், ஆயர் ஈத்தாம், பாயான் லெப்பாஸ் என்று போகிற இடங்களை மட்டும் காட்டலாம். ரிவ்யூ எழுதினால் தள்ளுபடி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கூகுள் அதை அனுமதிப்பதில்லை, எழுதியதை எடுத்துவிடும். வேலை நன்றாக இருந்தது என்று வாய்விட்டுச் சொல்கிறவரிடம், அதையே இரண்டு வரி எழுதுங்கள் என்று கேட்டால் போதும். மலாயில் எழுதியவருக்கு மலாயில் பதில் சொல்லுங்கள்.

பணம் வாங்கும் இடத்தையும் யாரும் யோசிப்பதில்லை. போனில் பணம் கட்டுவதற்கான டுயிட்நவ் கியூஆரை வாடிக்கையாளர் ஸ்கேன் செய்ததும் திரையில் ஒரு பெயர் வரும். வேனில் ஒரு பெயர், ரசீதில் ஒரு பெயர், திரையில் உங்கள் மாமனார் பெயர் என்றால், மோசடிக்குப் பயந்து வாழ்கிற இந்தக் காலத்தில் அவர் விரல் நிற்கும். உங்கள் மேல் சந்தேகம் வந்தது என்று வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார். தொழில் பெயரிலேயே வங்கிக் கணக்குத் திறந்து, அதிலிருந்து கியூஆர் எடுங்கள். எஸ்எஸ்எம் பதிவு உங்களிடம் இருப்பதால் செய்யலாம்.

நோட்டீஸ் 5,000 வேண்டாம். கேட்டில் செருகியது மழையில் நனைந்து கால்வாயில் கிடக்கும். மின்கம்பத்திலும் பஸ் நிறுத்தத்திலும் ஸ்டிக்கர் ஒட்டுவதை நினைத்தும் பார்க்காதீர்கள். மாநகர் மன்ற அனுமதி இல்லாமல் ஒட்டக் கூடாது, அது ஒரு பக்கம். அங்கே ஏற்கனவே ஒட்டியிருப்பது எல்லாம் அலோங் (வட்டிக்காரர்) நம்பர்; அவர்களுக்குப் பக்கத்தில் உங்கள் நம்பரும் ஏன்? பின்னாளில் கடை எடுத்தால் போர்டுக்கு மாநகர் மன்ற லைசென்ஸ் வேண்டும், தேசிய மொழி முதன்மையாக இருக்க வேண்டும், வாசகத்தை மலாய் மொழிக்கான அரசு அமைப்பான டேவான் பஹாசாவிடம் சரிபார்க்க வேண்டும். தமிழிலும் எழுதுங்கள், ஆசையாக எழுதுங்கள், அதற்குரிய அளவில்.

டிக்டாக்கை நான் ஒரேயடியாக ஒதுக்கவில்லை. ஆனால் அதற்குக் கம்பெனி வேண்டாம். யூனிட்டுக்குள் இருக்கும் காயிலைக் கழுவும்போது கறுப்பாகத் தண்ணீர் வடிந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிவாகும் அந்த அரை நிமிடத்தை உங்கள் ஆள் ஹேண்ட்போனில் எடுக்கட்டும். மஞ்சள் சட்டைக் கை தெரிய வேண்டும், வீட்டுக்காரர் முகமோ வீட்டு எண்ணோ தெரியக் கூடாது, எடுக்கும் முன் அவரிடம் கேட்க வேண்டும். எப்போதும் அதே கோணம், அதே மாதிரி முடிவு. ஆட்டம் பாட்டம் தேவையில்லை.

கோயில் மலருக்கு விளம்பரம் கொடுப்பது, தைப்பூசத்தில் தண்ணீர்மலைப் பாதையில் தண்ணீர்ப் பந்தலுக்கு உதவுவது இதெல்லாம் செய்யுங்கள். ஆனால் விளம்பரக் கணக்கில் எழுதாதீர்கள், நேர்த்திக்கடன் கணக்கில் எழுதுங்கள். பந்தலில் நிற்கிற உங்கள் ஆட்கள் மஞ்சள் சட்டை போட்டிருந்தால் போதும், பேனர் வேண்டாம்.

இதையெல்லாம் செய்த பிறகு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி மனைவியிடம் கொடுங்கள் என்று சொல்வேன். சாதாரண பள்ளி நோட்டு போதும். புதிதாக யார் போன் செய்தாலும் கடைசியில் ஒரு கேள்வி: 'எங்க நம்பர் எப்படிக் கிடைச்சது?' ஸ்டிக்கர், வேன், பக்கத்து வீடு, கூகுள், டிக்டாக் என்று ஐந்து கட்டம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு இழுக்கட்டும். மூன்று மாதம். அந்த நோட்டைப் பார்த்துவிட்டுத்தான் எதற்கும் கூடுதல் காசு. பக்கத்து வீடு கட்டத்தில் கோடு நிறைய இருந்தால், ஒரு தாமானில் ஒரு வீட்டுக்குப் போகிற நாளில் அதே தெருவில் இன்னும் இரண்டு வீடு சேர்க்கப் பாருங்கள். பெட்ரோலும் மிச்சம், மஞ்சள் வேன் அந்தத் தெருவில் அரை நாள் நிற்கும். கூகுள் கட்டம் நிறைந்தால் அங்கே படங்களைக் கூட்டுங்கள். அந்தக் கம்பெனி திரும்பக் கூப்பிட்டால் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு பேசுங்கள், எந்தக் கட்டத்தை நிரப்பித் தருவீர்கள் என்று கேளுங்கள்.

வேலையைத் தொடங்கும்போது வேனைத்தான் முதலில் தொட வேண்டும், அதன் மஞ்சளைக் காட்டித்தானே மற்றதையெல்லாம் அடிக்கப் போகிறீர்கள். பழைய எழுத்தை ஹீட் கன் வைத்து மெதுவாகச் சூடேற்றி உரிக்கச் சொல்லுங்கள், கத்தியால் சுரண்ட விடாதீர்கள். உரித்த இடத்தில் நான்கு வருட வெயில் படாததால் பெயிண்ட் நிறம் மாறாமல் இருக்கும். பழைய பெயர் நிழல் மாதிரி அப்படியே தெரியும். பாலிஷ் போட்டாலும் முழுதாகப் போகாது. ஆகவே மஞ்சள் வினைலை அந்த எழுத்துகளை மூடுகிற அகலத்துக்கு ஒரே பட்டையாக, இரண்டு பக்கமும் பின்கதவும் சேரும்படி ஒட்டி, அதன் மேல் கறுப்பு எழுத்தை வைக்கச் சொல்லுங்கள். ஒட்டுவதற்கு முன் கடைக்காரர் கணினியில் வரைந்து காட்டுவார். அந்தப் படத்தைப் போனில் வாங்கி, கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கி, உங்கள் மனைவியிடம் நீட்டுங்கள். நம்பரை அவர் தடுமாறாமல் படித்துவிட்டால் ஒட்டச் சொல்லலாம்.